அடியில் ரயில் ஓடுகிறது



கட்டட வேலைக்காக லாரி கொட்டிவிட்டுப் போன மணல் மேட்டில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழையில் நனைந்த மணல் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டந்தான். ஒரு பிள்ளை கையை விட்டுக் குடைந்து அழகான சுரங்கம் ஒன்றைச் செய்து, அதற்குள் தீப்பெட்டி ரயிலும் விடுகிறது. சுரங்கம் இடியாமல் நிற்கிறது. சற்று நேரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து, அந்தச் சுரங்கத்தைத் தொடாமல், ஒரு சாண் தள்ளித் தன் பங்குக்கு ஒரு குழி தோண்டுகிறது. முதல் சுரங்கம் பொலபொலவென்று சரிந்துவிடுகிறது. "நான் உன்னுடையதைத் தொடவே இல்லையே!" என்று இரண்டாவது பிள்ளை சொல்வதும் உண்மை, சுரங்கம் போனதும் உண்மை. வழக்கு அம்மாவிடம் போகிறது.

இந்த வழக்கைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம். பெரிய நகரங்களில் மண்ணுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் மாளிகை கட்டப் பள்ளம் தோண்டுகிறார். வேறொருவர் புதுச் சுரங்கம் துளைக்கிறார். அப்போது பழைய சுரங்கத்துக்கு என்ன நேர்கிறது?

இது எங்கோ நடக்கும் சங்கதி, தோட்டத்தில் இருக்கும் நமக்கு என்ன என்று நினைத்துவிட வேண்டாம். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். காலையிலும் மாலையிலும் அவர்கள் ஏறி இறங்குவது இந்த ரயில்களில்தான். 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் கோலாலம்பூர் பண்டாராயா நிலையத்தின் அருகே, பக்கத்தில் நடந்த கட்டுமான வேலையால் எல்.ஆர்.டி. பாதையைத் தாங்கும் தூண் சேதமடைந்து, அந்தப் பகுதியில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது தரைக்கு மேலே, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நின்ற தூண். கண்ணுக்கே தெரியாத சுரங்கத்தின் நிலை என்னவாக இருக்கும்?

இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல லண்டனுக்குப் போக வேண்டும். உலகிலேயே முதன்முதலாகப் பயணிகளுக்கான நிலத்தடி ரயில் ஓடியது அங்கேதான், 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி. அந்தப் பாதை ஆழமானதன்று. சாலையை நீளமாக வெட்டித் திறந்து, உள்ளே தண்டவாளம் போட்டு, மேலே மூடிவிட்டார்கள். நம் ஊரில் பெரிய கால்வாய் வெட்டிப் பலகை போட்டு மூடுவது போலத்தான். நீராவி இயந்திரம் உள்ளே புகை கக்கிக்கொண்டு ஓடியது. பயணிகள் இருமிக்கொண்டே போனார்கள்.

ஆழத்தில் குழாய் போலத் துளைத்துச் செய்த மின்சார ரயில் பாதை 1890ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் என்ற பொறியாளர் அதற்கு வழி செய்தவர். ஓர் இரும்புக் கவசத்தின் பாதுகாப்பில் ஆட்கள் நின்று களிமண்ணை வெட்டுவார்கள். கவசம் முன்னே நகர நகர, பின்னால் வார்ப்பிரும்புத் துண்டுகளை வளையமாகச் சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்குவார்கள். வளையத்துக்குப் பின் வளையம் என்று கோத்துக்கொண்டே போனால் அதுதான் சுரங்கம். பெரும்பாலும் தெருக்களுக்கு அடியிலேயே கொண்டுபோனார்கள். வீடுகளுக்கு அடியில் போனால் நிலச் சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமல்லவா? அக்காலக் கட்டடங்களுக்கு ஆழமான அடித்தளமும் கிடையாது. ஆகவே மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் நெடுநாள் வாழ்ந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லிவிட வேண்டும். சுரங்கத்தைத் தாங்கி நிற்பது இரும்பு வளையம் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. சுற்றிலும் உள்ள மண் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாக அழுத்திக்கொண்டிருப்பதால்தான் வளையம் வட்டமாக நிற்கிறது. ஒரு பக்கத்து மண்ணை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பிடிமானம் தளர்ந்து, வளையம் அங்கே புடைத்து, மேலும் கீழும் சப்பையாகப் பார்க்கும். அடியில் உள்ள மண்ணைக் குடைந்தால் சுரங்கம் தாழும். பக்கத்தில் ஆழமாகத் தோண்டி ஊற்றுநீரை இறைத்தால் மண் வற்றி இறுகி இறங்கும். சுரங்கமும் கூடவே இறங்கும். பழைய வார்ப்பிரும்போ வளைந்து கொடுக்காது, வெடித்துவிடும். தோட்டத்தில் லயன் வீட்டை ஒட்டிப் பள்ளம் வெட்டியபோது சுவரில் விரிசல் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

லண்டன் குழாய் ரயிலில் இன்னொரு சங்கடமும் உண்டு. சுரங்கமும் வண்டியும் உறையும் கத்தியும் போல. வண்டியின் கூரைக்கும் சுரங்கத்தின் வளைவுக்கும் இடையில் வெற்றிடம் மிகக் குறைவு. சாலை சற்றுத் தாழ்ந்தால் லாரி குலுங்கிக்கொண்டு போய்விடும். தண்டவாளம் தாழ்ந்தாலோ சாய்ந்தாலோ ரயில் அப்படிச் சமாளிக்க முடியாது.

1923ஆம் ஆண்டிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. நான் முன்பு சொன்ன 1890ஆம் ஆண்டுப் பாதை மிகக் குறுகலாக இருந்ததால் அதை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். முழுப் பாதையையும் மூடாமல், ஒரு பகுதியில் ரயிலை ஓட விட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். நவம்பர் 27ஆம் தேதி ஒரு ரயில், சுரங்கத்துள் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த பலகையில் மோதியது. தாங்கல் இழந்த மண் சரிந்து விழுந்தது. அந்த ரயில் புதையாமல் தப்பியது மயிரிழையில்தான். மறுநாள் பாதை முழுவதும் மூடப்பட்டது. ஓராண்டு கழித்துத்தான் மீண்டும் திறந்தார்கள்.

பிறகு மாளிகைகளின் காலம் வந்தது. 1950ஆம் ஆண்டுகளின் கடைசியில் தேம்ஸ் நதிக்கரையில், வாட்டர்லூ நிலையத்தின் அருகே, ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரிய மாளிகை ஒன்று எழும்பியது. அதன் நிலவறைகளுக்காக ஆழமான பள்ளம் தோண்டினார்கள். அந்தப் பள்ளத்துக்கு அடியில் பேக்கர்லூ ரயில் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கம் இடிந்ததா? இல்லை. தாழ்ந்ததா? அதுவும் இல்லை. மேலே எழும்பத் தொடங்கியது!

வியப்பாக இருக்கிறதல்லவா? இலவம்பஞ்சு மெத்தையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்தால் அமுங்கிய பஞ்சு மெல்ல மேலே வரும். லண்டன் களிமண்ணும் அப்படித்தான். காலங்காலமாக மேலிருந்து அழுத்திய மண்ணின் பாரத்தை வெட்டி எடுத்ததும், கீழேயுள்ள களிமண் சிறிது சிறிதாக நீரை உறிஞ்சி உப்ப ஆரம்பித்தது. உள்ளே இருந்த சுரங்கங்களையும் தூக்கிக்கொண்டு வந்தது. 1959ஆம் ஆண்டு முதல் 1986ஆம் ஆண்டு வரை, 27 ஆண்டுகள், பொறியாளர்கள் அதை அளந்துகொண்டே இருந்தார்கள். மாளிகை கட்டி முடித்து, அதில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் நடுவயதை எட்டிய பிறகும் அடியில் அந்த மெத்தை எழுந்துகொண்டுதான் இருந்தது. பள்ளம் தோண்டுவது சில மாத வேலை; மண் அதை மறக்க ஒரு தலைமுறை ஆகிறது. அளந்து பார்த்திராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதன் பின் பொறியாளர்கள் துணிந்து சில காரியங்களைச் செய்தார்கள். 1990ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றத்தின் எதிரே வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தை 39 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள். அங்கே முன்பே ஓடிக்கொண்டிருந்த பழைய ரயில் பாதையை, ஓட்டத்தை நிறுத்தாமல், இரவில் சிறிது சிறிதாக 300 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அடி, தாழ்த்தினார்கள். பிக் பென் மணிக்கூண்டு அருகிலேயே இருந்தது. அது சாய்ந்துவிடாமல் இருக்க, மண்ணுக்குள் நீண்ட குழாய்களைச் செருகி, சிமெண்டுக் குழம்பை அழுத்தி உட்செலுத்தினார்கள். தோண்டியதால் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு தூக்கிக் கொடுப்பது இந்த முறை. ஆடும் மேசைக்காலின் அடியில் அட்டையை மடித்து வைப்பதைப் பெரிய அளவில் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். இரண்டும் ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை.

கிராஸ்ரெயில் என்ற புதிய ரயில் பாதைக்காக லண்டனுக்கு அடியில் 42 கிலோமீட்டர் சுரங்கம் துளைத்தார்கள். ஏறத்தாழ 1,000 டன் எடையும், 7 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் உள்ள ராட்சத இயந்திரங்கள் மண்ணைத் தின்றுகொண்டே போயின. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு என்ற நிலையத்தில் அவற்றுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. கீழே பழைய நார்தர்ன் பாதையின் நடைமேடைச் சுரங்கம். மேலே மின்படிக்கட்டுகளின் சுரங்கம். இரண்டுக்கும் நடுவே புகுந்து போக வேண்டும். கீழே உள்ளதற்கும் இயந்திரத்துக்கும் இடைவெளி 85 சென்டிமீட்டர். மேலே உள்ளதற்கு இடைவெளி வெறும் 35 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. அந்த இடத்துக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் 'ஊசிக் காது'.

எப்படிப் போனார்கள்? பழைய சுரங்கம் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே துல்லியமாக அளந்து வைத்துக்கொண்டார்கள். மண் எவ்வளவு அசையும் என்று கணக்குப் போட்டார்கள். இவ்வகை இயந்திரம் துளைக்கும்போது, சுரங்கத்தின் கொள்ளளவைவிட நூற்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ மண் அதிகமாக உள்ளே வந்துவிடும். அந்த ஒரு பங்குதான் சுற்றியுள்ள மண்ணைத் தளரச் செய்கிறது. அதைக் கட்டுப்படுத்த, இயந்திரத்தின் முகத்தில் உள்ள அழுத்தத்தை விடாமல் கவனித்துச் சரிசெய்தார்கள். நிலையம் மூடப்படவில்லை. நடைமேடையில் ரயிலுக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தம் தலைக்கு மேலே அப்படியொரு பூதம் போகிறது என்பது தெரியவே இல்லை. அந்தப் புதிய பாதையின் நடுப்பகுதி எலிசபெத் பாதை என்ற பெயரோடு 2022ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி திறக்கப்பட்டது.

இனி இரண்டாவது நிகழ்ச்சி. 2013ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை 10 மணி இருக்கும். அதே லண்டனில் ஓல்டு ஸ்திரீட் நிலையத்துக்கு வடக்கே, மூர்கேட்டிலிருந்து வரும் பழைய சுரங்கப்பாதை ஒன்றில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சுரங்கம் 1904ஆம் ஆண்டு முதல் பயனில் உள்ளது. நூறு வயதைத் தாண்டியது. ரயிலை ஓட்டிய ஓட்டுநர் சுரங்கக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுவதைக் கண்டார். பழைய சுரங்கத்தில் ஒழுகல் ஒரு பெரிய காரியமா என்று அவர் தம் போக்கில் போயிருக்கலாம். போகவில்லை. உடனே தகவல் சொன்னார்.

தகவலைக் கேட்டவர்களும் அதை அலட்சியம் செய்யவில்லை. பயணிகள் இல்லாத ரயில் ஒன்றின் ஓட்டுநரை அழைத்து, மெதுவாக உள்ளே போய்ப் பார்த்து வரும்படி சொன்னார்கள். அவர் மெல்லப் போனார். தண்ணீர் கொட்டும் இடத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தினார். எதிரே அவர் கண்ட காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். சுரங்கத்தின் சுவரைப் பிளந்துகொண்டு இரண்டு பெரிய திருகு துளைக்கருவிகள் உள்ளே வந்து பாதையை மறித்துக்கொண்டிருந்தன!

மேலே, சுரங்கத்தின் உச்சியிலிருந்து சுமார் 13 மீட்டர் உயரத்தில், ஒரு கட்டடத்துக்கு பைலிங் வேலை நடந்துகொண்டிருந்தது. கான்கிரீட் தூண் இறக்க மண்ணைத் துளைத்தவர்களுக்குத் தங்கள் காலுக்கு அடியில் ரயில் ஓடுகிறது என்பதே தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர்கள் கையில் கொடுத்த வரைபடத்தில் சுரங்கம் இல்லை. கட்டட உரிமையாளர் பார்த்த வரைபடங்களிலும் இல்லை. கட்ட அனுமதி கொடுத்த உள்ளூர் மன்றத்திடம் இருந்த வரைபடங்களிலும் இல்லை. ஆகவே ரயில் பாதைக்குப் பொறுப்பானவர்களை யாரும் கேட்கவில்லை. இப்படி ஒரு வேலை நடப்பது அவர்களுக்கும் தெரியவில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தினமும் ஆயிரமாயிரம் பேரைச் சுமந்த சுரங்கம், அதைத் தேடிப் பார்க்க வேண்டியவர்களின் காகிதத்தில் இல்லை!

அன்று யாரும் இறக்கவில்லை. அந்தத் துளைக்கருவிகள் சில நிமிடம் முன்னே பின்னே இறங்கியிருந்தால், பயணிகள் நிறைந்த ரயில் ஒன்று வேகமாக வந்து அவற்றின்மேல் மோதியிருக்கும். தண்ணீர் ஒழுகுவதைச் சொன்ன ஒரு மனிதரும், ஆளில்லா ரயிலை அனுப்பிப் பார்க்கச் சொன்ன இன்னொருவருமே அன்றைக்குக் காவல்.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசிக் காதில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஓல்டு ஸ்திரீட்டில் இடையில் 13 மீட்டர் மண், நான்கு மாடி உயரம். நெருங்கிப் போனது கேடில்லாமல் போனது. தள்ளி இருந்தது துளைத்துக்கொண்டு வந்தது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று தூரத்தை மட்டும் பார்த்து அபாயத்தை அளக்க முடியாது என்று நான் கருதுகிறேன். அடியில் இருப்பது தெரியாமல் வேலை செய்வதே பேரபாயம். விபத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் விசாரணைக் குழுவும், ரயில் சுரங்கங்கள் எங்கே இருக்கின்றன என்ற செய்தி கட்டடம் கட்டுவோருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பதையே வலியுறுத்தியது. கேட்டால், 'இதுகூடவா சொல்லித் தர வேண்டும்' என்று தோன்றும். ஆனால் நம் தோட்டத்தில் பழைய தண்ணீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்பது ஒரு கிழவருக்கு மட்டும் தெரிந்திருந்து, அவர் போன பிறகு மண்வெட்டி அதை உடைத்த பிறகுதானே மற்றவர்களுக்குத் தெரிகிறது?

சிங்கப்பூருக்கு ஒரு வசதி இருந்தது. அங்கே பெருவிரைவு ரயில் முதன்முதலாக ஓடியது 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதிதான். பாதைகள் புதியவை; எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. நகரமோ சிறியது, நெருக்கமானது. ஆகையால் சட்டம் போட்டே காவல் வைத்தார்கள். ரயில் கட்டமைப்பின் ஓரத்திலிருந்து 40 மீட்டர் வரை ரயில் பாதுகாப்பு வட்டாரம். அதற்குள் கட்டட வேலை செய்யவோ துளையிடவோ நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். சுரங்கத்தை ஒட்டிய 6 மீட்டருக்குள் கெடுபிடி மிக அதிகம். பக்கத்தில் என்ன வேலை நடந்தாலும் ரயில் கட்டமைப்பு எந்தத் திசையிலும் மொத்தம் 15 மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது என்பது விதி.

15 மில்லிமீட்டர் என்பது சுண்டுவிரல் அகலத்தை ஒட்டிய அளவு. இவ்வளவு பெரிய சுரங்கத்துக்கு இத்தனை சிறிய கணக்கா என்று வேறு யாராவது கேட்கலாம். பால்மரம் சீவியவர்கள் கேட்க மாட்டார்கள். உளி ஒரு நூலிழை ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

இந்த நகர்வைக் கண்டுபிடிக்க ஆட்கள் நூல் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சுரங்கத்தின் சுவரில் வரிசையாகச் சிறு கண்ணாடிகளைப் பதித்துவிடுவார்கள். ஓர் அளவைக் கருவி தானாகவே திரும்பித் திரும்பி ஒவ்வொரு கண்ணாடியையும் பார்த்து, அது முந்திய இடத்திலேயே இருக்கிறதா என்று இரவும் பகலும் குறித்துக்கொண்டிருக்கும். குறித்த அளவை நெருங்கினால் எச்சரிக்கை போகும். வேலையை நிறுத்தி என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். எல்லை மீறினால் ரயிலையே நிறுத்த வேண்டி வரும்.

அந்தச் சிங்கப்பூரிலும் மெரினா பே என்ற இடம் பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலி. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அடியில் கடற்களிமண், பிசைந்த மாவைப் போல மென்மையானது. அங்கே ஓடிக்கொண்டிருந்த வடக்கு தெற்குப் பாதையின் சுரங்கங்களுக்கு அடியில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு வழி குடைய வேண்டியிருந்தது. மாவைக் குடைந்தால் மேலே இருப்பது நிற்குமா? நிற்காது. ஆகவே மண்ணையே உறைய வைத்தார்கள். குழாய்களைச் செருகி, அவற்றில் கடுங்குளிரான உப்புநீரை ஓட விட, மண்ணிலிருந்த ஈரம் பனிக்கட்டியாகி, களிமண் பாறை போல் இறுகியது. வெயில் கொளுத்தும் நம் பகுதியில், தரைக்கு அடியில் பனிக்கட்டிச் சுவர்!

பாறையானதும் குடைவது எளிது. ஆனால் தண்ணீர் உறைந்தால் பருக்கும் என்பதைக் குளிர்பெட்டியில் புட்டியை வைத்து மறந்துபோன எல்லா வீட்டிலும் அறிவார்கள். மண் பருத்தால் மேலே உள்ள பழைய சுரங்கம் உயரும். வேலை முடிந்து குளிர் போய் உருகினால் தாழும். ஆகவே உறையும்போதும் காவல், உருகும்போதும் காவல். இத்தனைக்கும் நடுவே மேலே ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதிய மெரினா பே நிலையம் 2022ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் மின்படிக்கட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போகிறார்கள்.